கால் வீக்கத்தை 'நீர்' என்று விட்டுடாதீங்க! வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் கர்ப்பிணிகளை மிரட்டும் 'பிரஷர்'

ஆயக்குடி,

கர்ப்பிணி பெண்ணுக்கு கால் வீங்கினால் நம்ம பக்கம் ஒரே பதில்தான். "நீர் இறங்கியிருக்கு, பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்" என்பார்கள். தலைவலி என்றால் தைலம். கண் மங்குது என்றால் "ரத்தம் பத்தலை, பேரீச்சம்பழம் சாப்பிடு". பல பேருக்கு இது ஒன்றும் செய்யாமல் போய்விடும். ஆனால் சில பேருக்கு இதே அறிகுறிதான் வலிப்பில் கொண்டுபோய் விடுகிறது. 'ஜன்னி கண்டுடுச்சு' என்று ஊரில் சொல்கிறார்களே, அதில் ஒரு வகை இது. தாய், பிள்ளை இரண்டு உயிரையும் ஒரே நாளில் வாங்கிவிடக்கூடியது.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பிரீஎக்ளாம்ப்சியா. வாயில் நுழையாத பெயர் என்பதால் ஆஸ்பத்திரியில் 'பிரஷர் கேஸ்' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். கர்ப்பம் 20 வாரம் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் அல்புமின் (ஊர் பாஷையில் 'உப்பு') இறங்கினால் அது இந்த நோய். உப்பு இறங்காமலே கல்லீரல், கிட்னி, ரத்த அணுக்கள் பாதிக்கப்பட்டாலும் இதே நோய்தான். 160/110 என்று போய்விட்டால் அது அவசர கேஸ்.

உலகம் முழுவதும் 100 கர்ப்பிணிகளில் 3 முதல் 8 பேருக்கு இது வருகிறது. பிரசவ கால தாய் மரணங்களில் ரத்தப்போக்கால் 27 சதவீதம், ரத்த அழுத்தத்தால் 16 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் கணக்கு சொன்னது. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். அப்போது இந்தியா முழுக்க 97. நாம் பரவாயில்லை என்று மார்தட்டலாம். ஆனால் அதே கணக்கில் பக்கத்து கேரளாவில் 19 தான்.

நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கும் கோளாறு

பழனி - திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஆயக்குடி, கொய்யாவுக்கு பேர் போன ஊர். தோப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இந்த நோயை விளக்குவது சுலபம். தண்ணீர் போகிற குழாய் சுருங்கிப் போச்சு என்றால் என்ன ஆகும்? கடைசி மரத்துக்கு தண்ணீர் போகாது, குழாயில் பிரஷர் ஏறும். அதே கதைதான் இங்கேயும்.

கர்ப்பம் உருவான முதல் சில மாதங்களில் கர்ப்பப்பையில் உள்ள ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து கொடுத்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் அனுப்பணும். சில பெண்களுக்கு அது சரியாக விரிவதில்லை. ரத்தம் பத்தாத நஞ்சுக்கொடி ஒருவித புரதத்தை தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த புரதம் தாயின் உடம்பு முழுக்க உள்ள ரத்தக்குழாய்களை கெடுக்கிறது. பிரஷர் ஏறுகிறது, கிட்னியில் புரதம் கசிகிறது, மூளை வரைக்கும் பாதிப்பு போனால் வலிப்பு வருகிறது. ஆக, கோளாறு ஆரம்பிப்பது 3-வது, 4-வது மாதத்தில். வெளியே தெரிவது 7-வது, 8-வது மாதத்தில். நடுவில் உள்ள அந்த மாதங்களில் பெண் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டு இருப்பாள்.

அந்த புரதத்தை கண்டுபிடித்ததில் நம்ம ஊர் சம்பந்தம் உண்டு. சென்னை மருத்துவ கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன கிட்னி டாக்டர் ஆனந்த் கருமஞ்சி. பாஸ்டன் நகரில் இவரும் இவரது குழுவினரும் 2003-ல் இதை வெளியிட்டார்கள். புரதத்தின் பெயர் எஸ்.எப்.எல்.டி.-1. அதை கர்ப்பிணி எலிக்கு செலுத்தியபோது எலிக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது. பிளசென்டா நன்றாக இருந்தால் பி.எல்.ஜி.எப். என்று இன்னொரு பொருள் ரத்தத்தில் நிறைய இருக்கும். கெட்டது அதிகமாகி நல்லது குறைந்தால் ஆபத்து. நோய் வெளியே தெரிவதற்கு சுமார் 5 வாரம் முன்பே இந்த மாற்றம் ரத்தத்தில் தொடங்கிவிடுகிறது என்று 2004-ல் அடுத்த ஆராய்ச்சி வந்தது.

இரண்டுக்கும் உள்ள விகிதத்தை பார்க்கும் ரத்த பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. பிரஷரோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்ணுக்கு அடுத்த 2 வாரத்தில் நிலைமை முற்றுமா என்று அது சொல்லும். நம்ம நாட்டில் பெரிய நகரத்து தனியார் லேப்களில் இதை எடுக்கலாம், சில ஆயிரம் ரூபாய் ஆகும். தினக்கூலிக்கு போகிற வீட்டில் யார் எடுப்பது? 'அந்த டெஸ்ட் எடுக்காம விட்டுட்டோமே' என்று யாரும் கலங்க வேண்டியதும் இல்லை. அது எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்கிற டெஸ்ட் கிடையாது. பிரஷர் ஏறியவர்களுக்கு தட்டணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் பார்க்கும் சாதாரண ரத்த பரிசோதனைகள் அரசு ஆஸ்பத்திரியிலேயே உண்டு. தட்டணு ஒரு லட்சத்துக்கு கீழே இறங்கினால் டாக்டர்கள் உஷாராகி விடுவார்கள்.

யாருக்கு வரும்?

முன் பிரசவத்தில் பிரஷர் வந்தவர், ஏற்கனவே பிரஷர், சர்க்கரை, கிட்னி கோளாறு உள்ளவர், வயிற்றில் இரட்டை பிள்ளை சுமப்பவர் - இவர்களுக்கு ஆபத்து அதிகம். இதில் ஒன்று இருந்தாலே போதும். முதல் பிரசவம், 35 வயதை தாண்டியவர், உடல் பருமன், தாய்க்கோ கூடப்பிறந்த சகோதரிக்கோ இது வந்திருப்பது, முந்தின பிள்ளைக்கும் இந்த பிள்ளைக்கும் 10 வருஷத்துக்கு மேல் இடைவெளி - இதில் இரண்டு சேர்ந்தால் கவனம் வேண்டும். உடல் பருமன் பணக்கார வீட்டு சமாசாரம் என்று நினைக்காதீங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டு பெண்களில் 100-க்கு 40 பேர் எடை கூடியவர்கள்.

இதற்கெல்லாம் ரத்தம் எடுக்க வேண்டாம், வாயால் கேட்டாலே தெரியும். ஆனால் பெண்கள் சொல்வதில்லை. "எங்க அம்மாவுக்கு என்னை பெத்தப்போ ஜன்னி வந்துச்சாம்" என்பதை பக்கத்து வீட்டில் சொல்வார்கள், டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள்.

சொல்லியிருந்தால் பிரயோஜனம் இருக்கு. ஆபத்து உள்ளவர்களுக்கு குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பார்கள். ஐரோப்பாவில் ஆபத்து அதிகம் உள்ள 1,776 பெண்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு குறைமாதத்திலேயே இந்த நோய் வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம்தான். ஆனால் 12 முதல் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழு பலன். 7-வது மாதத்தில் போய் நின்றால் அந்த வாய்ப்பு கைவிட்டு போய்விடும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி திட்டத்தில் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதை நம்ம ஆட்கள் பணத்துக்கான நிபந்தனையாகத்தான் பார்க்கிறார்கள். 2018-ல் உதவித்தொகை 18 ஆயிரம் ஆனதில் இருந்து பேச்செல்லாம் எந்த தவணை எப்போ வரும் என்பதுதான். அந்த 12 வார கெடுவுக்குள் போகிற பெண்ணுக்கு பணத்தை விட பெரிய விஷயம் ஒன்று கிடைக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் ஒன்று, ஆஸ்பிரினை மெடிக்கலில் நீங்களே வாங்கி விழுங்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கணும். அதே மாதிரி "இது ஹார்ட் மாத்திரையாச்சே" என்று பயந்து டாக்டர் எழுதியதை குப்பையில் போடவும் கூடாது.

கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். அரசு இலவசமாக கொடுக்கிறது, பல வீட்டில் அலமாரியில் தூங்குகிறது. பால், தயிர் அதிகம் சேராத பெண்களுக்கு கால்சியம் இந்த நோயை குறைக்கும். பெங்களூருவில் முதல் பிரசவ பெண்கள் 11 ஆயிரம் பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2024 ஜனவரியில் வெளியானது. தினம் 1,500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு கிடைத்த பலன் 500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கும் கிடைத்தது. சத்து மாத்திரையான இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல், வேறு வேளையில் சாப்பிடணும்.

வளைகாப்புக்கு அப்புறம் என்ன நடக்குது?

நம்ம வழக்கத்தில் 7-வது மாதமோ 9-வது மாதமோ வளைகாப்பு போட்டு தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். நல்ல வழக்கம்தான். பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், வாய்க்கு ருசியாக கிடைக்கும். ஆனால் பிரஷர் தலைதூக்குவதும் இதே நேரத்தில்தான். அதுவரை மாதா மாதம் பார்த்த கிராம சுகாதார நர்சு, பழகின டாக்டர் எல்லாம் மாமியார் ஊரில் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு பாருங்க. ஒரு பெண்ணுக்கு ஆரம்பத்தில் இருந்து பிரஷர் 100/60. தாய்வீட்டுக்கு வந்த பிறகு அங்கே பார்த்தால் 130/86. புதுசாக பார்க்கிறவருக்கு இது 140-க்கு கீழேதான், 'நார்மல்' என்று அனுப்பிவிடலாம். பழைய அட்டையை பார்த்தவருக்குத்தான் இது எவ்வளவு ஏறியிருக்கு, அடுத்த வாரமே மறுபடி பார்க்கணும் என்று தெரியும். அந்த அட்டை எங்கே? பல நேரம் புருஷன் வீட்டு பீரோவில். சீர்வரிசை தட்டு, வளையல், பட்டுச்சேலை எல்லாம் எண்ணி எடுத்து வைக்கிற வீட்டில் இதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

தாய்வீடு மலை மேலே இருந்தால் சிக்கல் இன்னும் கூடுதல். பழனியில் இருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோமீட்டர், முழுக்க வளைவு. அதற்கும் அந்தாண்டை பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலை கிராமங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் கீழே கொண்டுவருவதே ஒரு போராட்டம். ஆபத்து பட்டியலில் உள்ள பெண் என்றால் கடைசி மாதம் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். இதை மாமியார் வீடும் தாய்வீடும் கௌரவ பிரச்சினையாக்காமல் உட்கார்ந்து பேசி முடிவு செய்யணும்.

தாய்வீட்டுக்கு போன மறுநாளே அந்த ஊர் நர்சிடம் பிக்மி நம்பரை கொடுத்து சேர்ந்துகொள்ளலாம். கூலி போகுமே என்று செக்கப்பை தள்ளிப்போடுவது ஆரம்ப மாதங்களில் கூட சமாளிக்கலாம், 28 வாரத்துக்கு மேல் கூடாது. பஸ்சில் இறங்கி வேகமாக நடந்து போய் கையை நீட்டாதீங்க. 5 நிமிஷம் உட்கார்ந்த பிறகு பார்த்தால்தான் சரியான அளவு வரும். என்ன அளவு என்று கேட்டு வாங்கி அட்டையில் எழுதச் சொல்லுங்க. யூரின் டெஸ்டும் சேர்த்து கேளுங்க.

விடாத தலைவலி, கண் மங்குவது, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்றில் வலது பக்கம் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, சிறுநீர் குறைவது - இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்கு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போகணும்.

கையில் சாவி கொடுத்தால் நிற்குமா?

வலிப்பு வந்தால் கையில் இரும்பு, சாவிக்கொத்து கொடுப்பதை இன்னும் பார்க்கலாம். இந்த வலிப்புக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நேரம்தான் போகும். பெண்ணை இடது பக்கமாக ஒருக்களித்து படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் 108-க்கு போன் பண்ணணும். இதற்கான மருந்து மக்னீசியம் சல்பேட் ஊசி. விலை குறைந்த, பழைய மருந்து. 33 நாடுகளில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். வலிப்பு வரும் ஆபத்தை பாதியாக குறைக்கிறது என்று உறுதியானது. முதல் டோசை போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்பது மத்திய அரசு வழிகாட்டுதல். ஆம்புலன்சில் ஏற்றும் முன் "ஊசி போட்டாச்சா?" என்று கேட்க கூட வருகிறவருக்கு உரிமை உண்டு.

நோய் முழுசாக தீர ஒரே வழி, பிள்ளையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதுதான். அதனால்தான் சில நேரம் குறைமாதத்திலேயே டாக்டர்கள் பிரசவம் பார்க்க சொல்கிறார்கள். "காசுக்காக ஆபரேஷன் பண்றாங்க" என்று அப்போது சண்டைக்கு நிற்பதில் அர்த்தம் இல்லை.

பிள்ளை பிறந்த அன்றே ஆபத்து விலகிவிடும் என்றும் இல்லை. 3-வது நாளில் இருந்து 6-வது நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறலாம். அந்த நேரத்தில் பெண் டிஸ்சார்ஜ் ஆகி, காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி வீட்டில் இருப்பாள். தலைவலி என்றால் "பச்சை உடம்பு, காத்து பட்டுடுச்சு" என்று பத்தியத்தை கூட்டுவார்கள். பிரசவத்துக்கு பின் 6 வாரம் வரை இந்த வலிப்பு வந்த கேஸ்கள் உண்டு. நர்சு வீட்டுக்கு வரும்போது குழந்தையின் எடையோடு தாயின் பிரஷரையும் பார்க்கிறாரா என்று கவனிங்க. பார்க்கலை என்றால் நீங்களே கையை நீட்டுங்க. ராத்திரி நேரத்தில் சந்தேகம் கேட்க 104-க்கு போன் பண்ணலாம், கட்டணம் கிடையாது.