மெஷின் நின்றால்... பிளக்கைக் கேளுங்கள்!

கடலோரத்தில் இருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: 'என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். அவுட்போர்டு மெஷின், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. ஒரே மாதத்தில் ஆறு ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டோம். இரண்டு தடவை கடலில் நின்றுபோய், பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. கடையில் கேட்டால் டூப்ளிகேட் பிளக்காக இருக்கும் என்கிறார்கள். வேறு காரணம் இருக்குமா?'

இருக்கும் சகோதரி. ஆறு பிளக்கும் போலியாக இருப்பதைவிட, நல்ல பிளக்கை மெஷினே கெடுப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ரோட்டில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். கடலில் அது முடியாது. பாக் ஜலசந்திப் பக்கம் என்றால், நீரோட்டம் படகை எல்லைக்கோட்டைத் தாண்டியும் கொண்டுபோய்விடும். அதனால் இந்த வாரம் முழுக்க பிளக்தான். (டீசல் இன்ஜின் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

முதலில் நிறம்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாரே, அதுபோல மெஷினுக்கு பிளக். மெதுவாக ஓட்டிவிட்டுப் பார்த்தால் எல்லா பிளக்கும் கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரியும். வழக்கமான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, அப்படியே நிறுத்தி, மெஷின் ஆறிய பிறகு கழற்றுங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். எந்த சிலிண்டரில் எந்த பிளக் இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

* வெளிர் பழுப்பு: நல்ல நிலை.
* உலர்ந்த கரி: எரிபொருள் அதிகம், காற்று குறைவு. சோக் மூடியபடியே இருக்கிறதா, கார்புரேட்டர் சரியா என்று பாருங்கள்.
* பிசுபிசுப்பான கறுப்பு: ஆயில் அதிகம், அல்லது மண்ணெண்ணெய் முழுதாக எரியவில்லை.
* வெறும் ஈரம், எரிபொருள் வாசனை: அந்த சிலிண்டரில் தீப்பொறியே வரவில்லை, அல்லது எரிபொருள் வழிகிறது.
* வெளுத்து, முனை கொப்பளித்திருப்பது: அதிக சூடு. மெஷினின் பின்புறச் சிறு துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று உடனே பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், வழி அடைத்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டனே போய்விடும்.
* நீர்த்துளி, துரு: எரிபொருளில் தண்ணீர், அல்லது ஹெட் கேஸ்கட் கசிவு. எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும்.

இடம் மாற்றிப் பாருங்கள்

இரண்டு பிளக்கும் ஒரேபோல் கறுத்திருந்தால், குறை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: ஆயில் கலவை, சோக், ஓட்டும் முறை. ஒன்று மட்டும் கறுத்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கறுப்பு பிளக்கோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் பிளக்தான் கெட்டது. பழைய சிலிண்டரிலேயே தங்கி, அங்கே போட்ட நல்ல பிளக்கும் கறுத்தால், அந்தப் பக்கத்து கேப், ஒயர், காயில், கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது.

தீப்பொறியையும் பார்க்கலாம். அதற்கு முன் கில் சுவிட்சின் கயிற்று கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் எந்த பிளக்கிலும் பொறி வராது. எரிபொருள் குழாயைக் கழற்றி, கேனை மூடித் தள்ளி வைத்து, சிந்தியதைத் துடைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கழற்றிய இரண்டு பிளக்கையும் அதனதன் கேப்பில் செருகி, பிளக்கின் இரும்பு உடல் மெஷினின் வெற்று உலோகத்தில் தொடும்படி, பிளக் துளைக்குத் தள்ளி வைத்து, கயிற்றை இழுங்கள். வெறுங்கையால் பிளக்கைப் பிடிக்காதீர்கள், ஷாக் அடிக்கும். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாக மங்கினால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் மங்கினால் குறை பிளக்கில் இல்லை. உப்புக்காற்றில் கேப்பின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் வீட்டு மெஷினுக்கு

மண்ணெண்ணெய் மெஷின் என்பதால் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒன்று, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், மிச்சம் உள்ளே தங்கி அடுத்த நாள் பிளக்கை நனைக்கும். இரண்டு, ஆயிலைக் கண் மதிப்பில் ஊற்றக் கூடாது. 50:1 என்று புத்தகத்தில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அவ்வளவுதான். மூன்று, வலை விடும்போது மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டினால் கரி சேரும். நடுநடுவே கொஞ்சம் வேகம் கொடுக்க வேண்டும்.

பிளக் எண்ணையும் பாருங்கள். பி7ஹெச்எஸ்-10 என்று இருந்தால் 7 என்பது சூட்டு அளவு, 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளி. என்ஜிகே பிளக்கில் இந்தச் சூட்டு எண் கூடினால் 'கோல்டு' வகை, சாம்பியனில் நேர் எதிர். ஆகவே எண் ஒன்றுபோல் இருக்கிறது என்று கம்பெனி மாற்றி வாங்காதீர்கள். மெஷின் புத்தகத்தில் உள்ள எண்ணையே கேளுங்கள். மாட்டும்போது கையால் முழுதும் திருகி, புது பிளக் என்றால் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும்.

படகில் எப்போதும் புது பிளக் ஒரு ஜோடி, பிளக் ஸ்பேனர், உலர்ந்த துணி, மூன்றும் தண்ணீர் புகாத டப்பாவில் இருக்கட்டும். மெஷின் நின்றால், ஆழம் குறைந்த இடமாக இருந்தால் முதலில் நங்கூரம், பிறகுதான் ரிப்பேர். படகு நகர்ந்துகொண்டே இருந்தால் எந்த வேலையும் நிதானமாக நடக்காது. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இரண்டு எண்களையும் படகின் உள்பக்கத்தில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள். வீட்டுச் சுவரிலும் எழுதுங்கள். குறித்த நேரத்துக்கு அவர் கரை திரும்பவில்லை என்றால் போன் செய்யப்போவது நீங்கள்தான்.