கடலைக் காட்டிக் கொடுங்கள்

அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியும் வேளையில், மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையுள்ள கடற்கரையைப் பாருங்கள். ஓரிடத்தில் உதைபந்து, ஓரிடத்தில் கிரிக்கெட், சற்றுத் தள்ளிப் பட்டம். அலை நனைத்து இறுக்கிய மணலே நம் பிள்ளைகளுக்கு ஆடுகளம். ஆனால், அக்கூட்டத்தில் தந்தையர் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்களே போதும்.

பிள்ளைகளின் விளையாட்டிலே பெற்றோருக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. பந்து வாங்கிக் கொடுத்தால் போதாதா என்பர். விளையாட்டைப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர் என்பது மெய்தான். ஆனால், விளையாடும் இடத்தை அவர்களுக்கு யாரேனும் காட்டிக் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் விளையாடும் இடமோ கடலின் விளிம்பு.

முன்னாளில் இப்பாடம் தனியாகக் கற்பிக்கப்படவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களில் கிழக்குக் கரையெங்கும் கரைவலை இழுக்கப்படும். வடத்தின் ஒரு முனை கரையில் நிற்க, தோணி வலையை வளைத்து விட்டுக்கொண்டு சென்று மறுமுனையைத் தொலைவில் கரைசேர்க்கும். பின்னர் இரு அணியினர் மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நெருங்கியபடி இழுப்பர். வாப்பாவுடன் சென்ற சிறுவன் வடத்தின் கடைசியைப் பற்றிக்கொள்வான். அவனுக்கு அது விளையாட்டு. எனினும், நீரோட்டம் வலையை எத்திசையில் தள்ளுகிறது, பெரியோர் எவ்விடத்தில் இறங்கத் தயங்குகின்றனர் என்பதை அவன் கண் குறித்துக்கொள்ளும். மேற்கிலிருந்து கச்சான் பலமாக வீசும் நாளில் நூலறுந்த பட்டமும் அலையில் விழுந்த பந்தும் கடலை நோக்கியே போகும், அவற்றைத் துரத்தி இறங்கலாகாது என்பதும் அங்கே கற்ற பாடமே.

2004 டிசம்பர் 26 இத்தொடர்பை அறுத்தது. ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கொண்டுசென்றது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. அதன்பின் “கடற்பக்கம் போகாதே” என்று பெற்றோர் சொன்னதில் குற்றங்காண யாருக்கு மனம் வரும்? ஆயினும், 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று பிறந்திராத பிள்ளைகளே இன்று அந்த மணலில் ஓடுகின்றனர். தடை அறிவாகாது. தடுக்கப்பட்ட பிள்ளை தந்தையுடன் போவதில்லை. தோழருடன் ஒளித்துப் போகிறான்.

அவன் அறிய வேண்டியவற்றுள் ஒன்றைச் சொல்வோம். அலைகள் கரைக்குக் கொணரும் நீர் ஏதேனும் ஒரு வழியால் திரும்பிச் செல்ல வேண்டும். அவ்வழி ஒடுங்கியதாயின் அங்கே கடலை நோக்கி விரையும் நீரோட்டம் உண்டாகும். அங்கு அலை குறைவாக உடைவதால், குளிப்பதற்கேற்ற அமைதியான இடம் போலவே தோன்றும். அதில் அகப்பட்டவன் நேரே கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டால் களைத்துப்போவான். பதறாமல் மிதந்து, கையசைத்து உதவி கோரி, இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி வெளிப்பட வேண்டும். இதனைப் புத்தகத்தில் வாசித்த பிள்ளை மறந்துவிடலாம். தந்தை மணலில் நின்று “அதோ பார், மகன்” என்று விரல் நீட்டிக் காட்டினால் மறக்குமா?

சுமாத்திராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907ஆம் ஆண்டில் அங்கே பேரலை புகுந்து பலரை மாய்த்தது. தப்பியவர்கள் தம் மக்களுக்கு “ஸ்மொங்” என்ற சொல்லை விட்டுச்சென்றனர். நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பது அச்சொல் தரும் எச்சரிக்கை. மூத்தோர் அதனைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரர்க்குச் சொல்லி வந்தனர். 2004இல் நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிக அண்மையில் இருந்தும், ஏறத்தாழ 78,000 மக்களுள் அங்கு மாண்டவர் 7 பேரே என்பர். நாமும் அத்தகைய கதையைச் சொல்லலாம். ஆனால், தொலைவில் நிகழும் நடுக்கத்தை நம் கரையில் உணராமற் போகலாம் என்பதையும், கடல் முதலில் வற்றாமலே பொங்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்தால் வேடிக்கை பார்க்க நில்லாமல் உள்நாட்டுப் பக்கம் ஓடு என்பதே அதன் சுருக்கம்.

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடமன்று. அப்பேரழிவின் பின் நடந்த ஆய்வுகள், பெண்களும் சிறுபிள்ளைகளுமே மிகுதியாக மாண்டதைக் காட்டின. நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளே பழக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. உம்மாவும் மகளும் கடற்கரையில் நடப்பதற்கும், முற்றத்தில் கிளித்தட்டு ஆடி ஓடிப் பழகுவதற்கும், தக்க வசதி உள்ள இடத்தில் நீச்சல் பயில்வதற்கும் வழி செய்வது வீட்டுப் பெரியோரின் கடமையாகும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பிள்ளையைப் பிரத்தியேக வகுப்புக்கு அழைத்துச் செல்லக் காத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு மாலையைக் கடற்கரைக்கும் ஒதுக்குவோம். முதலில் பிள்ளையின் பந்தை உதைத்து அவனோடு விளையாடுங்கள். இளைப்பாறும் வேளையில் கடலைக் காட்டுங்கள். தம்மோடு ஓடி விளையாடிய தந்தையின் சொல்லைப் பிள்ளைகள் விருப்பத்தோடு கேட்பர்.