வளர்ந்த நாய்க்கு விளம்பரம் இல்லை

தொழில் காரணமாகப் பத்திரிகைகளின் சிறு விளம்பரப் பக்கங்களையும் விடாமல் வாசித்துப் பழகியவன் நான். ஒரு சமூகம் எதை விற்கிறது, எதை வாங்குகிறது என்பதைத் தலையங்கங்களைக் காட்டிலும் அந்தப் பக்கங்கள் நேர்மையாகச் சொல்லிவிடும். காணி விற்பனைக்கும் மணமகன் தேவைக்கும் இடையில் நாய்க்குட்டி விளம்பரங்கள் எப்போதும் இருந்து வந்துள்ளன. அல்சேஷன், லாப்ரடோர், டோபர்மன், பொமரேனியன். வயது ஆறு வாரம் அல்லது எட்டு வாரம். தந்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டது. பரம்பரைச் சான்றிதழ் உண்டு. இன்று அவ்விளம்பரங்களிற் பெரும்பாலானவை இணையத்துக்கும் முகநூலுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. வாசகம் மட்டும் மாறவில்லை.

அந்த விளம்பரங்களில் நான் மிக அரிதாகவே கண்ட ஒன்று, வளர்ந்த நாய். இத்தனை குட்டிகளையும் ஈன்ற தாய்கள் ஈனும் வயது கடந்த பின்னர் எங்கே செல்கின்றன? எவரும் வாங்காமல் ஐந்தாவது மாதத்தையும் ஆறாவது மாதத்தையும் தொட்டுவிட்ட குட்டியின் கதி என்ன? விற்பவர் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை.

கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. குறிப்பிட்ட இனத்து நாய்தான் வேண்டுமென்று தீர்மானித்து ஒரு வளர்ப்பாளரிடம் செல்பவர், குட்டியின் விலையை விசாரிப்பதற்கு முன்னர், வளர்ந்தது ஏதாவது வீடில்லாமல் நிற்கிறதா என்று விசாரிக்க வேண்டும். (நம்மவர் இவற்றைச் 'சாதி நாய்' என்பார்கள். அச்சொல்லை நான் தவிர்க்கிறேன். மனிதரிடத்தில் சாதியை வைத்துக்கொண்டு நாம் படும் பாடே போதும்.) தெருவில் நிற்கும் நாயை எடுத்து வளர்ப்பது இதனினும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். மறுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவு சொன்னாலும் வளர்ப்பாளரிடமே செல்லும் ஒரு கூட்டம் இருக்கிறது. இது அவர்களுக்காக எழுதப்படுவது.

வளர்ந்த நாய் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும். குட்டியாக எடுத்து நம் கையால் சோறு போட்டு வளர்த்தால்தான் ஒட்டும், பிறர் வளர்த்தது நன்றி காட்டாது என்பார்கள். இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம், ஆதாரம் குறைவு. கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை எண்ணிப் பாருங்கள். பிரித்தானியாவில் முதலாவது வழிகாட்டி நாய்கள் 1931 இல் பணிக்கு வந்தன. இன்றைய நடைமுறைப்படி அக்குட்டி ஏறத்தாழ எட்டு வார வயதில் ஒரு தொண்டர் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு வயதைக் கடந்ததும் அக்குடும்பத்தைப் பிரிந்து பயிற்சியாளரிடம் செல்கிறது. இரண்டு வயதை அண்மித்த பின்னரே தன் உண்மையான எசமானைச் சந்திக்கிறது. மூன்றாவது கைக்கு மாறிய அந்த நாயை நம்பித்தான் பார்வையற்ற ஒருவர் லண்டன் வீதிகளைக் கடக்கிறார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பதற்கென்று 1975 ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டில் ஓர் அறக்கட்டளை இயங்கி வருகிறது. கூண்டு வரிசைகளில் வாழ்ந்த அந்த நாய்கள் மூன்று, நான்கு வயதில்தான் மாடிப்படியையும் சோபாவையும் அறிந்துகொள்கின்றன. அறிந்த பின்னர் சோபாவை விட்டு இறங்குவதில்லை என்று வளர்ப்பவர்கள் குறைப்படுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது நாய்களையும் கூட அழைத்துச் செல்ல முடிந்தவர் எத்தனை பேர்? ஆளில்லாத வளவுகளைக் காத்துக் கிடந்த நாய்கள், பின்னர் அங்கு வந்து அடுப்பு மூட்டியவரோடு சேர்ந்துகொண்டதைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவை குட்டிகள் அல்ல. பழையவரை மறந்தன என்றும் நான் சொல்லவில்லை. புதியவரை ஏற்றுக்கொண்டன.

ஒரு நல்ல வளர்ப்பாளரிடம் வளர்ந்த நாய் ஏன் இருக்கிறது என்பது பலருக்கு விளங்குவதில்லை. ஏதோ குறையுள்ள சரக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். கொழும்புக்கு வெளியே லாப்ரடோர் வளர்க்கும் ஒருவரிடம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஈற்றிலும் மிகச் சிறந்தவை என்று தோன்றும் இரண்டு குட்டிகளை அவர் விற்பதில்லை. கண்காட்சிக்கோ அடுத்த தலைமுறைக்கோ எது உகந்தது என்பது எட்டு வாரத்தில் தெரியாது. ஆறு அல்லது எட்டு மாதம் வைத்துப் பார்ப்பார். அப்போது ஒன்றின் மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையோடு சரியாகப் பொருந்தாமல் இருக்கும், அல்லது உயரம் அரை அங்குலம் கூடியிருக்கும், அல்லது ஆண் குட்டிக்கு ஒரு விதை கீழிறங்காமல் நிற்கும். கடைசிக் குறைக்கு மட்டும் மிருக வைத்தியரின் கத்தி வேண்டும். மற்றவை நடுவரின் கண்ணுக்கு மட்டுமே குறைகள். வீட்டு முற்றத்தில் படுத்திருக்கும் நாயின் உயரத்தை யார் அளக்கப் போகிறார்கள்?

"குட்டியைப் பார்க்க வாறவை இவனைக் கண்டுட்டு, இது விற்கிறதோ எண்டு கேட்டதே இல்லை, ஐயா" என்றார் அவர். அப்போது அவர் காலடியில் ஒன்பது மாத நாயொன்று படுத்திருந்தது. தடுப்பூசிகள் யாவும் போடப்பட்டு, கழுத்துப்பட்டியில் நடக்கப் பழகி, இரவில் சத்தமின்றித் தூங்கும் நாய். அதன் தம்பி தங்கைகளான எட்டு வாரக் குட்டிகளுக்கு ஏழு பேர் காத்திருந்தார்கள்.

அந்த எழுவரிலும் இருவர், வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்குத் துணையாக இருக்கட்டும் என்று பணம் அனுப்பியதன் பேரில் வந்தவர்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எழுபது வயதுத் தம்பதியருக்கு லாப்ரடோர் குட்டியொன்றை அன்பளிப்புச் செய்வது அன்பின் மிகுதியால் விளையும் கொடுமை. எட்டு வாரக் குட்டிக்கு இரவிலும் எழுந்து கதவு திறக்க வேண்டும். நான்கு மாதம் முதல் ஏழு மாதம் வரை பல் முளைக்கும். செருப்பும் கதிரைக் காலும் தப்பாது. அதன் பின்னர் வரும் இளம் பருவத்தில் இருபத்தைந்து கிலோ எடையோடு பாய்ந்து வரவேற்கும். அந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே தம்பதியருக்கு ஐந்து வயதான, அடங்கிய தாய் நாய் ஒன்று கிடைக்குமானால் முதல் வாரமே மாலை நடைக்குத் துணை கிடைத்துவிடும். லண்டனிலும் றொரன்ரோவிலும் பகல் முழுதும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் எந்த வயது நாயையும் பத்து மணி நேரம் தனியே பூட்டி வைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

உடல்நலத்தைப் பற்றியும் வளர்ந்த நாயிடம் ஒளிவு மறைவு குறைவு. பெரிய இனங்களைப் பாடாய்ப் படுத்தும் இடுப்பு மூட்டுக் கோளாற்றைக் குட்டியில் உறுதியாகக் கண்டறிய இயலாது. பிரித்தானியாவின் எக்ஸ் கதிர் மதிப்பீட்டுக்கு நாய்க்குக் குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவின் இறுதிச் சான்றுக்கு 24 மாதம். குட்டியை வாங்குபவர் அதன் பெற்றோரின் சான்றைப் பார்த்து ஊகிக்கிறார். வளர்ந்த நாயை எடுப்பவர் அந்த நாயின் மூட்டையே பார்த்துவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் விளம்பரக்காரனாகிவிடுவேன். 1961 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வேலியடைத்த வெளியொன்றில் மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்தார்கள். பதினான்காவது வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள், அதன் பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரை அஞ்சி ஒதுங்கின. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையான அந்தக் காலம், நாயின் வாழ்வில் திரும்ப வராத காலம். ஆகவே வளர்ப்பாளரிடம் ஆறு மாதம் இருந்த குட்டி என்றால், அந்த ஆறு மாதமும் எங்கே இருந்தது என்பதே கேள்வி. வீட்டுக்குள், பிள்ளைகளின் சத்தம், குசினி, வாகனம், விருந்தாளி என்று எல்லாம் கண்டு வளர்ந்ததா? அல்லது விற்காமற் போனதால் பின்வளவுக் கூண்டில் தள்ளப்பட்டுக் கிடந்ததா? முன்னையது வரம். பின்னையதைப் பரிதாபப்பட்டு எடுப்பவர், தாம் எதை எடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டும். விலை மலிவு என்பதற்காக எடுக்கக் கூடாது. கூண்டின் மூலையில் ஒடுங்கி நிற்கும் நாயைக் காட்டி, "புது ஆக்களைக் கண்டால் கொஞ்சம் வெட்கம்" என்று வளர்ப்பாளர் சொல்வாரானால், அது வெட்கம் அல்ல, பயம்.

இனித் தாய் நாய்களின் விடயம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறையிலுள்ள சட்டமொன்றை 'லூசியின் சட்டம்' என்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளை இடைத்தரகரோ கடைகளோ வியாபாரமாக விற்பதை அது தடுக்கிறது. வாங்குபவர் வளர்ப்பாளரிடமே சென்று, குட்டியைத் தாயோடு பார்த்து வாங்க வேண்டும், அல்லது காப்பகத்தில் எடுக்க வேண்டும். லூசி யார் என்பது பலருக்குத் தெரியாது. வேல்சிலுள்ள குட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஈன்று ஈன்று ஓய்ந்து, முதுகெலும்பு வளைந்து, இடுப்பு மூட்டுகள் இறுகிப்போன நிலையில் 2013 இல் மீட்கப்பட்ட கவலியர் இனத்துத் தாய் அது. அப்போது அதற்கு ஐந்து வயது. ஒரு பெண்மணி அதை ஏற்று வளர்த்தார். 2016 இல் இறக்கும்வரை மூன்றாண்டுகள் அது ஒரு வீட்டின் செல்லமாக வாழ்ந்தது. இங்கிலாந்தின் குட்டிகளைக் காக்கும் சட்டத்துக்குப் பெயர் தந்தது, யாரோ ஒருவர் வளர்ந்த பின்னர் எடுத்து வளர்த்த ஒரு நாய்.

எல்லா வளர்ப்பாளரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஆனால் நல்லவரிடமும் கணக்கு ஒன்றுதான். பிரித்தானியாவின் கெனல் கிளப் ஒரு தாயின் நான்கு ஈற்றுகளுக்கு மேல் வழமையாகப் பதிவதில்லை. இரண்டு வயதில் தொடங்கும் தாய் ஐந்து, ஆறு வயதில் ஓய்ந்துவிடும். லாப்ரடோர் என்றால் அதற்கு மேலும் ஐந்தாறு ஆண்டுகள் வாழும். எல்லாத் தாய்களையும் இறுதிவரை வைத்திருக்க வளர்ப்பாளரிடம் இடமிராது. நல்லவர் வீடு தேடுவார், பெரும்பாலும் பணமே வாங்காமல். மற்றவர் என்ன செய்வார் என்பதை இலங்கையில் வாழும் எவரும் ஊகிக்கலாம். நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஒரு நாய்க்குட்டியின் இன்றைய விலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

எனவே தாயைப் பார்க்கச் செல்லும்போது அதன் வயதையும் எத்தனை ஈற்று என்பதையும் கேளுங்கள். அதற்கு முன்னிருந்த தாய் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் குட்டியும் வாங்க வேண்டாம், நாயும் வாங்க வேண்டாம். தடுமாறாமல் கூட்டிச் சென்று காட்டுபவரிடம், இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள். நாயில் அக்கறை உள்ளவர் சம்மதிப்பார்; சரிவராவிட்டால் தம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று அவரே நிபந்தனையும் விதிப்பார். தாய் நாய் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை நடந்துவிட்டதா, முலைகளில் கட்டி ஏதும் உண்டா, பற்கள் எப்படி என்பதை உங்கள் மிருக வைத்தியரைக் கொண்டு பார்ப்பித்துக்கொள்ளுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்குங்கள். முதல் இரண்டு வாரமும் உறவினர் கூட்டத்தை அழைக்க வேண்டாம். அது உண்டு பழகிய உணவையே கொடுத்து, படுத்த பழைய சாக்கையோ துணியையோ கழுவாமல் அப்படியே கொண்டுவந்து ஒரு மூலையில் விரித்துவிடுங்கள்.