கேள்வி டோனியைப் பற்றி மட்டும்தானா?



2007 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேர் ஹெச்.பி.ஓ. சேனல் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். 1999-ல் தொடங்கிய 'தி சொப்ரானோஸ்' தொடரின் 86-வது எபிசோட். அதுதான் கடைசி.

அதன் இறுதிக் காட்சியில் ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடக் கூடுகிறது. கதவைத் திறந்தால் மணி அடிக்கும் சின்னக் கடை. மணி அடிக்கிறது. குடும்பத் தலைவன் நிமிர்ந்து பார்க்கிறான். பட்டென்று திரை கறுத்துப்போகிறது. ஓடிக்கொண்டிருந்த பாட்டும் பாதியில் அறுந்துபோகிறது. சுமார் 10 விநாடிக்குப் படமும் இல்லை, சத்தமும் இல்லை. கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கதையே முடிந்துவிட்டது என்று புரிந்தது.

அவன் செத்தானா, பிழைத்தானா? அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. இப்போது ஓ.டி.டி.யில் முதல் தடவையாகப் பார்த்து முடிக்கிறவர்களும் அதே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. டோனி சொப்ரானோ நியூ ஜெர்சியில் ஒரு மாஃபியா கும்பலின் தலைவன். மிரட்டிப் பணம் பறிப்பது, அநியாய வட்டிக்கு விடுவது, தேவைப்பட்டால் ஆளைத் தீர்த்துக்கட்டுவது அவன் தொழில். வீட்டில் மனைவி கார்மெலா, மகள் மெடோ, மகன் ஏ.ஜே. திடீர் திடீரென்று மயங்கி விழுகிறான் என்று மனநல மருத்துவரிடம் போகிறான். கதை அங்கிருந்து விரிகிறது. வன்முறையும் ஆபாசமும் உள்ள தொடர். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செத்துவிட்டான் என்கிற கட்சியின் வாதம் பலமானது. கடையில் ஜாக்கெட் போட்ட ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். டோனி இருக்கும் பக்கம் ஓரிரு முறை பார்க்கிறான். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போகிறான். 'காட்ஃபாதர்' பார்த்தவர்களுக்கு உடனே திக்கென்றிருக்கும். 1972-ல் வந்த அந்தப் படத்தில் மைக்கேல், ஹோட்டல் கழிப்பறையில் ஒளித்துவைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துதானே சுடுகிறான்?

இன்னொரு தடயமும் உண்டு. சில எபிசோடுகளுக்கு முன்னால் டோனியும் அவன் மைத்துனன் பாபியும் ஏரியில் படகில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அது வரும்போது காதில்கூட விழாது போலிருக்கிறது என்பான் பாபி. கடைசிக்கு முந்தைய எபிசோடில் டோனிக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும். ஒரு கதாசிரியர் சும்மா செய்கிற வேலையா அது?

பிழைத்தான் என்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டோனியைக் கொல்ல ஆள் வைத்த நியூயார்க் தாதா ஃபில், கடைசி எபிசோடிலேயே பெட்ரோல் பங்க்கில் சுடப்பட்டுச் செத்துப்போகிறான். இரண்டு தரப்பும் சமாதானம் பேசி முடித்தாகிவிட்டது. அப்புறம் யார் ஆள் அனுப்புவது? ஜாக்கெட்காரன் கழிப்பறைக்குப் போனதைத் தவிர வேறென்ன செய்தான்? திரையில் காட்டாத கொலையை நாம் ஏன் செய்து முடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் நான் முதல் கட்சி. என்னை அந்தப் பக்கம் இழுத்தது காட்சி எடுக்கப்பட்ட விதம். மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், அடுத்து அவன் கண்ணில் படுவது நமக்குத் தெரிகிறது. இந்த வரிசையை ஒருமுறைக்கு இருமுறை காட்டி நம்மைப் பழக்கிவிடுகிறார்கள். கடைசியிலும் மணி அடிக்கிறது, அவன் நிமிர்கிறான். அப்போது அவன் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம் என்றால், அது இருட்டு.

இந்த எபிசோடை எழுதி இயக்கியவர் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். அந்த எழுத்துக்காக அந்த வருடமே எம்மி விருது வாங்கினார். எபிசோட் ஒளிபரப்பான கையோடு நியூ ஜெர்சியின் 'ஸ்டார் லெட்ஜர்' நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். தொடரில் டோனி காலையில் டிரெஸ்ஸிங் கவுனோடு வாசலில் இறங்கிப் போய்ப் பொறுக்கிவரும் அதே பேப்பர். அதில் அவர் விளக்கம் எதுவும் தர மறுத்துவிட்டார். எல்லாம் காட்சியிலேயே இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். பெயர்ப் பட்டியல்கூட இல்லாமல் அந்த இருட்டையே கடைசிவரை ஓட்ட வேண்டும் என்பது அவர் விருப்பமாம். இயக்குநர்கள் சங்கம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

2021-ல் ஒரு பேட்டியில் கொஞ்சம் மனம் திறந்தார். நியூயார்க்கில் ஒரு சந்திப்புக்குக் காரில் போகும் டோனி அங்கே கொல்லப்படுவதாக முதலில் நினைத்திருந்தாராம். உடனே, மர்மம் விலகியது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. சண்டை நின்றதா? இல்லை. முதலில் நினைத்தது அது, எடுத்தது இதுதானே என்று மறு கட்சி எழுந்து நின்றது.

விடையைக் கையில் கொடுத்தாலும் சண்டை தீராது என்பதற்கு 'லாஸ்ட்' தொடரைச் சொல்லலாம். விமான விபத்துக்குப் பிறகு ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை, 2010-ல் முடிந்தது. தீவில் நடந்தது எல்லாமே நிஜம்தான் என்று கதாநாயகனின் அப்பாவே கடைசிக் காட்சியில் வாய் திறந்து சொல்கிறார். அப்புறம் பெயர்ப் பட்டியலுக்கு அடியில் ஆளில்லாத கடற்கரையையும் விமானச் சிதைவுகளையும் சேனல்காரர்கள் ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், எல்லோரும் முதல் நாளே விபத்தில் செத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சேஸ் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அத்தனை வருஷம் டோனி திருடுவதையும் ஏமாற்றுவதையும் கொல்வதையும் ரசித்துக் கைதட்டியவர்கள், கடைசி நாளில் மட்டும் அவன் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களே, அது அவரை உறுத்தியிருக்கிறது. அவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டால் நாம் ரசித்த கணக்கும் சரியாகிவிடும் என்று நினைத்தோமோ?

நம்மூர் 'நாயகன்' 1987-ல் வந்தது. காட்ஃபாதரின் சாயல் அதிலும் உண்டு. அங்கே வேலு நாயக்கர் சுடப்பட்டு விழுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அவர் நல்லவரா, கெட்டவரா என்று பேரன் கேட்ட கேள்விதான் பதில் இல்லாமல் நிற்கிறது. சொப்ரானோஸ் இதற்கு நேர்மாறு. டோனி கெட்டவன் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள்? அவன் விழுந்திருந்தால் நாம் அவனை மட்டுமே பார்த்திருப்போம். மேஜையைச் சுற்றி இருந்த மற்றவர்களைக் கவனித்திருக்க மாட்டோம்.

அவர்களைக் கொஞ்சம் பாருங்களேன்.

கார்மெலா. 2001-ல் வந்த ஓர் எபிசோடில் அவள் தன் மனக்குழப்பத்தோடு வயதான ஒரு மனநல மருத்துவரிடம் போகிறாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. அவனை விட்டு விலகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறார். அவள் நீட்டும் பணத்தைத் தொட மறுக்கிறார், அது ரத்தம் தோய்ந்த பணம் என்று. யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று இனி நீ சொல்ல முடியாது என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கார்மெலா வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாள்? மகள் படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் நன்கொடை கொடுக்க வேண்டும் என்று டோனியிடம் அடம்பிடித்து வாங்குகிறாள். மொத்தத் தொடரிலும் என்னைத் தூங்கவிடாத எபிசோட் அதுதான். அதில் பெரிய சண்டை கிடையாது. அறிவுள்ள ஒரு பெண் எல்லாம் தெரிந்தே, தன் சௌகரியத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள், அவ்வளவுதான்.

ஏ.ஜே. கடைசி எபிசோடில் ராணுவத்தில் சேரப்போகிறேன் என்கிறான். அப்பாவும் அம்மாவும் பதறிப்போய், தெரிந்தவர்கள் மூலமாக சினிமாத் துறையில் ஒரு வேலை பிடித்துக் கொடுக்கிறார்கள், புதுக் காரும் வருகிறது. பையன் அடங்கிவிடுகிறான். மெடோ சட்டம் படிக்கப்போகிறாள். எதற்காகத் தெரியுமா? அப்பாவை எஃப்.பி.ஐ. இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அரசாங்கம் தன் அப்பாவைப் போன்றவர்களை நசுக்குகிறது என்று உண்மையாகவே நம்புகிறாள்.

அந்தக் கடைசிச் சாப்பாட்டில் ஏ.ஜே. ஒரு பழைய பேச்சை எடுக்கிறான். நல்ல நேரங்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்களே, அப்பா என்று. முதல் சீசனின் முடிவில் ஒரு புயல் இரவில், இதே போல ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து டோனி சொன்னது அது. அவனுக்கே மறந்துவிட்டது. பிள்ளைக்கு மறக்கவில்லை. எவ்வளவு அன்பான வீடு, பாருங்கள். அந்த அன்பு பொய்யே இல்லை. அதுதான் இந்தக் கதையின் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் கார்மெலா என்றைக்கோ கிளம்பியிருப்பாள்.

மாஃபியா கதைக்கும் நம் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லைதான். ஆனால் 'சம்பளம் கம்மிதான், கிம்பளம் நிறைய வரும்' என்று மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் பேச்சைக் கல்யாண வீடுகளில் நாம் கேட்டதில்லையா? இந்தச் சம்பளத்தில் இந்த வீடு எப்படி, இந்த நகை எப்படி என்று எத்தனை குடும்பங்களில் கேட்கிறார்கள்? கேட்டால் வீட்டில் நிம்மதி போய்விடும் என்ற பயம். பிள்ளைகளின் படிப்புக்காகத்தானே என்ற சமாதானம். கார்மெலாவும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். அளவு வேறு. சமாதானம் ஒன்றுதான்.

ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. மாதா மாதம் சந்தா கட்டி, எட்டு வருஷம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். முடிவு சொல்லாமல் போனால் ஏமாந்த உணர்வு வரத்தான் செய்யும். எல்லாத் தொங்கல் முடிவையும் நான் ஆதரிக்கவும் இல்லை. அடுத்த சீசனுக்கு ஆள் பிடிப்பதற்காகப் பாதியில் நிறுத்துகிற தொடர்கள் உண்டு. கதையை முடிக்கத் தெரியாமல் கைவிட்டுவிட்டு, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று நழுவுகிறவையும் உண்டு. சேஸ் அந்த ரகம் இல்லை. தேவையான தடயங்களையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் விலகினார். திரும்பப் போய்ப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அந்தக் காட்சியில் டோனியின் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சும் மேஜையும் 2024-ல் 82,600 டாலருக்கு ஏலம் போயின. ஏமாற்றப்பட்டவர்கள் இவ்வளவு கொடுத்து வாங்குவார்களா?

ஒரே ஒரு வேண்டுகோள். இப்போதெல்லாம் ஒரு தொடர் முடிந்ததும் கை நேராக மொபைலுக்குப் போகிறது. முடிவுக்கு என்ன அர்த்தம் என்று பத்து நிமிடத்தில் விளக்கும் வீடியோ தயாராக இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து பார்த்த வீட்டில் நான்கு பேரும் தனித்தனியாக விளக்கம் கேட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நமக்குள் பேசினால் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

நிறையக் கிடைக்கும். டோனி சாக வேண்டும் என்று மகன் சொல்கிறான், அவன் உயிரோடு இருந்து அனுபவிக்கட்டும் என்று அம்மா சொல்கிறாள், கார்மெலா பாவம் என்று அப்பா சொல்கிறார். இப்படிப் பேசும்போது டோனியைவிட நம் வீட்டு ஆட்கள்தான் நமக்கு அதிகம் புரிவார்கள். எது நியாயம், எதற்கு மன்னிப்பு உண்டு, எது வரைக்கும் போகலாம் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கோடு இருக்கிறது. சாதாரண நாளில் அதைக் கேட்டால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு கதையை நடுவில் வைத்தால் திறப்பார்கள்.

அதனால் அடுத்த முறை ஒரு தொடர் பதில் சொல்லாமல் முடிந்தால், அந்த வீடியோவை மறுநாள் பாருங்கள். அன்று ராத்திரி, டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று. பேச்சு நீண்டு தூக்கம் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்