தலைப்பாகையும் வயிற்றுப்பாடும்

நெற்றியில் நீறு பூசியவனும் தொழிலாளி; தலையில் குல்லாய் வைத்தவனும் தொழிலாளி; கழுத்தில் சிலுவை அணிந்தவனும் தொழிலாளி. ஆலைச் சங்கு ஊதினால் மூவரும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். கூலி வெட்டு வந்தால் மூவருக்கும் சேர்த்தே வருகிறது. அப்படியிருக்க, வேலை நேரத்தில் மதச் சின்னம் அணியலாமா என்ற பிரச்னை எழும்போது, "இது மத விவகாரம், நமக்கெதற்கு?" என்று சங்கம் ஒதுங்கி நிற்கலாமா?

ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் உண்டு.

வுல்வர்ஹாம்ப்டன் நகரசபையில் பஸ் ஓட்டி வந்த தர்சேம் சிங் சந்து என்ற சீக்கியத் தொழிலாளி, 1967-ல் நோய் விடுப்பு முடிந்து தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்குத் திரும்பினார். சவரம் செய்துகொண்டு வா என்று நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பஸ் ஓட்டியதில் குற்றமா? இல்லை. உடை விதிக்கு ஒத்துவரவில்லையாம்!

இரண்டு உலக யுத்தங்களிலும் சீக்கியச் சிப்பாய்கள் இதே தலைப்பாகையோடுதான் பிரிட்டிஷ் கொடியின் கீழ் உயிர் விட்டார்கள். அப்போது எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. சாவதற்கு ஆகும் தலைப்பாகை, பஸ் ஓட்ட மட்டும் ஆகாதா?

வேலையைப் பறிக்கும் உத்தரவு எதுவானாலும் அது சங்கத்தின் விஷயம். ஆனால் அங்கே சங்கம் அந்தத் தொழிலாளிக்காகக் களத்தில் இறங்கவில்லை. சங்கம் விட்ட இடத்தை மதத் தலைவர்கள் பிடித்தார்கள். தடை நீங்காவிட்டால் தீக்குளிப்பேன் என்று ஒரு சீக்கியத் தலைவர் அறிவிக்கும் வரை விஷயம் முற்றியது.

மறுபுறம் நடந்தது அதைவிடக் கொடுமை. அதே ஊரின் எம்.பி. ஈனாக் பவல், 1968 ஏப்ரல் 20-ல் பர்மிங்ஹாமில் குடியேறிய மக்களுக்கு எதிராக விஷம் கக்கினார். சீக்கியர்களின் கோரிக்கையையும் அதில் இழுத்துப் போட்டார். மூன்று நாள் கழித்து, லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலை ஆதரித்துப் பார்லிமெண்டுக்கு ஊர்வலம் போனார்கள்! தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்துவதில் பிற்போக்காளர்கள் வெற்றி கண்ட நாள் அது.

1969 ஏப்ரல் 9-ல் நகரசபை தடையை நீக்கியது. தலைப்பாகை கட்டியவர்கள் ஓட்டியதால் எந்த பஸ்ஸும் நின்றுவிடவில்லை.

தோழர்களே! நமது நிலை தெளிவாக இருக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தில் சிக்கும் துணி, கயிறு, மாலை எதுவானாலும் கழற்றியாக வேண்டும். அது உயிர் காக்கும் விதி. அதற்கு மதம் கிடையாது. ஆனால் துளசி மாலைக்கு ஒரு நியாயம், சிலுவைக்கு ஒரு நியாயம் என்றால் அது விதியல்ல, பாரபட்சம். அணியாதே என்று முதலாளி மிரட்டுவதையும் ஏற்க மாட்டோம். அணிந்தே தீர வேண்டும் என்று மதத் தலைவர் மிரட்டுவதையும் ஏற்க மாட்டோம். ஆலையிலும் சரி, வயலிலும் சரி, இதுவே நமது அளவுகோல்.

சக தொழிலாளியின் நெற்றியையும் தலையையும் பார்க்காதீர்கள். காய்த்துப்போன கைகளைப் பாருங்கள். அவன் வேலைக்கு ஆபத்து வரும்போது முதலில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவது சங்கமாக இருக்கட்டும்!