டப்பாவுக்கு வக்காலத்து

தாய்ப்பால் பிரச்சாரம் பெண்ணை அடுக்களையில் கட்டிப்போடும் தந்திரம், அவள் விடுதலை பால்பொடியில் இருக்கிறது என்கிறார் ஒரு கட்டுரையாளர். பெண்ணுக்காக இவ்வளவு உருகுகிறவர், அதே கட்டுரையின் பின்பாதியில், பேருந்து நிலையங்களில் 2015இல் திறந்த பாலூட்டும் அறைகளைப் பார்த்து, இதெல்லாம் வீட்டுக்குள் நடக்க வேண்டிய சமாச்சாரம் என்று முகம் சுளிக்கிறார். வெளியே வரலாம், வந்த இடத்தில் பிள்ளையின் பசியை ஆற்றக் கூடாது என்றால் இது யாருக்கான விடுதலை? நாஞ்சில் நாட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். மார்பை மூடியதற்காக நாடார் பெண்களின் சீலையைக் கிழித்த மண் இது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அன்று மூடாதே என்றவர்களும் இன்று திறக்காதே என்கிற இவரும் கேட்பது ஒரே அதிகாரத்தைத்தான்.

பொடியும் தாய்ப்பாலும் சத்தில் சமம் என்பது அடுத்த முத்து. அந்த டப்பாவை ஒருமுறையாவது கையில் எடுத்துப் படித்தாரா? தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று அதன்மேல் அச்சடித்தாக வேண்டும், குழந்தை படமோ தாயின் படமோ போடக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டுச் சட்டம். விற்கிறவனே ஒத்துக்கொண்டதை, வாங்காத இவர் மறுக்கிறார். சீம்பாலில் வரும் நோய் எதிர்ப்புப் புரதங்களையும், ஒரே ஊட்டலுக்குள் தொடக்கத்தில் நீர்த்தும் முடிவில் கொழுத்தும் மாறுகிற பாலையும் எந்தத் தொழிற்சாலை டப்பாவில் அடைத்திருக்கிறது?

"பாதிப் பெண்களுக்குப் பாலு காணாது, அப்புறம் என்ன செய்ய?" என்று கேட்கிறார். இங்கேதான் அவருடைய அறியாமை முழுசாக வெளிப்படுகிறது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்பாமல் தேங்கிய பால், இனிச் சுரக்க வேண்டாம் என்று உடம்புக்குச் சொல்லிவிடும். பிறந்த மூன்றாம் நாள் பிள்ளை அழுகிறது, மாமியார் பதறுகிறார், யாரோ ஒரு டப்பா வாங்கி வருகிறார்கள், வயிறு நிறைந்த பிள்ளை மார்பை மறந்து தூங்குகிறது. பத்து நாளில் உண்மையிலேயே பால் வற்றுகிறது. டப்பா தீர்த்துவைத்ததாகச் சொல்லும் பஞ்சத்தை உண்டாக்கியதே டப்பாதான். இலவச மாதிரி டப்பாவைச் சட்டம் தடுத்தது வேறு எதற்காக? விலை தாங்காத வீட்டில் அரைக் கரண்டிப் பொடியில் நிறையத் தண்ணீர் கலக்கிறார்கள், பிறகு வயிற்றுப்போக்கு. 1939இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் டின்பாலால் சாகும் குழந்தைகளைக் கொலைக்கணக்கில் சேர்த்துப் பேசினார். உண்மையாகவே ஊட்ட முடியாத தாய்க்குப் பொடி மருந்துதான். மருந்தை எல்லோருக்கும் சோறாக்குகிறவரோடுதான் நமக்குச் சண்டை.

பாட்டிமார் தேனும் பொன்னும் உரைத்து நாக்கில் தொட்டதைச் சாட்சிக்கு அழைக்கிறார். பாரம்பரியம் பேசுகிறவர் பாட்டி மறுநாளே முலைக்குப் போட்டதை மட்டும் மறந்துவிட்டார். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் ஆகாது. பொட்டுலிசம் என்ற நரம்பு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் எந்தத் தேனிலும் இருக்கலாம்.

தாய்க்கு இதில் லாபம் என்ன என்று கேட்கிறார். பிள்ளை சப்பும்போது ஊறும் ஆக்சிடோசின்தான் பேறு முடிந்த கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கை அடக்குகிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கணக்கு, பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்புப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. பெண்ணின் நலனே குறி என்பவர் கண்ணில் இது ஏன் படவில்லை?

படாததற்குக் காரணம் இருக்கிறது. குமரி மாவட்டத்து அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போய்ப் பாருங்கள். தோட்டு எண்ணெயில் வெந்த விரல்களோடு, கட்டின பால் ஜம்பரை நனைக்க, கிலோ கணக்குக் கூலிக்காக எழுந்திருக்காமல் கொட்டை உடைக்கிறாள் பச்சைப் பிள்ளைக்காரி. அவளை வேலையில் உட்கார வைக்கப் பொடி யாருக்கு உதவுகிறது, அவளுக்கா முதலாளிக்கா? 26 வாரச் சம்பள விடுப்பு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை, 50 பேர் வேலைபார்க்கும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறதே, இத்தனை பக்கத்தில் அதற்கு ஒரு வரி உண்டா? அவளுக்கு வேண்டியது கூலி போகாத விடுப்பும், நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும் தூரத்தில் ஒரு தொட்டிலும். அவற்றைக் கேட்டு எழுதட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.