கூத்துக் களரியில் ஒரு பாடம்

பரீட்சை அண்மிக்கும் காலத்தில் பிள்ளை நாடக ஒத்திகைக்கென்று பாடசாலையில் தங்கிவிட்டால் பெற்றோரின் மனம் பதைக்கின்றது. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசில் பரீட்சை, அதன்பின் சாதாரணதரம், அதற்கும் பின் உயர்தரம். இவற்றுக்கிடையே பிரத்தியேக வகுப்புகள் வேறு. விடியுமுன் புறப்பட்ட பிள்ளை பொழுது பட்ட பின்னரே வீடு திரும்புகின்றது. இந்நிலையில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நேரம் ஏது என்று ஒரு தந்தை கேட்பாராயின், அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணியே அவர் அவ்வாறு கேட்கின்றார். எனினும், அதற்குரிய விடை வெகு தொலைவில் இல்லை. நமது நாட்டு மாணவர் கூத்தாடிய வரலாற்றிலேயே அது கிடைக்கின்றது.

கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்பு நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாய் எமது ஹெந்தளை வழியாக ஓடுகின்றது. அக்கால்வாயோடு வடக்கே நீளும் கரையோரம் முன்னாளிற் கூத்து வழங்கிய நிலமாகும். அங்கு வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய கூத்திலிருந்தே சிங்களவரின் 'நாடகம' என்னும் இசைக்கூத்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த மரபை அடியாகக் கொண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அமைத்த 'மனமே' என்னும் நாடகம் 1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. அதில் ஆடிப் பாடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களுக்குப் பழைய பாட்டும் ஆட்டமும் கற்பித்தவர் சார்ள்ஸ் சில்வா குருன்னான்சே என்னும் மரபுவழிக் கலைஞர்.

இம்முயற்சிக்கு முன்னரே, மாணவரைப் பாடியாட வைப்பது கல்வியின் ஒரு பகுதி என்பதை வங்கக் கவி தாகூர் 1901 இல் தாம் தொடக்கிய சாந்திநிகேதனத்துப் பள்ளியிற் செய்து காட்டியிருந்தார். 1934 இல் அவர் தம் குழுவினரோடு இலங்கைக்கு வந்து 'சாபமோசன்' என்னும் நாட்டிய நாடகத்தை நிகழ்த்தியபோது, அதனைக் கண்டு உள்ளம் கிளர்ந்தோருள் இளைஞராயிருந்த சரச்சந்திரவும் ஒருவர். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படுவது இவ்வாறே.

மனமே ஏற்றிய சுடர் தமிழரிடையேயும் பரவிற்று. பேராதனையிலே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பெற்ற நாட்டுக்கூத்தைச் சுருக்கி, நவீன மேடைக்கு ஏற்பச் செப்பனிட்டு, தம் மாணவரைக் கொண்டே ஆடுவித்தார். 1962 இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 'கூத்தாடி' என்பது ஏளனச் சொல்லாக வழங்கிய காலம் அது. படித்த பிள்ளைகள் காலிற் சதங்கை கட்டுவதா என்று முகம் சுளித்தோர் அன்று பலர். இதனை நினைவிற் கொண்டு பார்த்தாலன்றி அம்மாணவர் செய்த செயலின் அருமை நமக்கு விளங்காது.

கூத்துப் பழகும் முறையை இங்குச் சற்று நோக்குவோம். முதலிலே 'சட்டங் கொடுத்தல்'. அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாடல்களை அவரவரிடம் ஒப்படைத்தல். பின்னர்ப் பல மாதம் ஆட்டமும் பாட்டும் பழகுவர். ஆட்டம் காலிற் படிந்த பின்னரே 'சதங்கை அணிதல்' நிகழும். அதன்மேல் 'அடுக்குப் பார்த்தல்' என்னும் முழு ஒத்திகை, ஈற்றில் அரங்கேற்றம். இவை யாவற்றுக்கும் ஆசான் அண்ணாவியார். மத்தளம் அவர் கையில் இருக்கும். ஆடுபவன் ஒரு பாட்டை எடுப்பான். பிற்பாட்டுக்காரர் அதனை ஏந்திப் பாடுவர். ஆடி இளைத்தவனுக்கு மூச்சு வாங்கும் வேளையில் அவன் பாட்டைத் தாங்கி நிற்பது அவர்கள் குரலே. எனவே, எத்துணைப் பெரிய அரசன் வேடம் புனைந்தவனாயினும் தன் குரலை மட்டும் நம்பி அவன் களரியில் நிற்க இயலாது.

பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்கியவருள் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரும் ஒருவர். அவருடைய கலை ஏட்டிலே கற்றதன்று. களரியிலே தலைமுறை தலைமுறையாக வந்தது. பட்டம் பெறப் புகுந்த இளைஞர் பட்டம் பெறாத ஒருவரின் முன் மாணவராய் நின்று, "இன்னொரு முறை ஆடு" என்ற கட்டளைக்குப் பணிந்தனர். அறிவு எங்கே இருக்கின்றதோ அங்கே தலை வணங்குதல் வேண்டும் என்பதை நாம் வகுப்பிலே நூறு முறை கூறுகின்றோம். களரியிலே அதனைக் கால் வலிக்க வலிக்கக் கற்றனர் அவர்கள்.

அவர்களுள் ஒருவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடியவர் அவர். உற்றாரையும் மைந்தரையும் போரிலே பறிகொடுத்தும் செருக்கை விடாது களம் புகுகின்றவன் அந்த இராவணன். செருக்கே உருவான அப்பாத்திரத்தை ஆடுவதற்கு, ஆடுகின்றவன் தாளத்துக்கு முற்றாக அடங்கி நிற்றல் வேண்டும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்த மாணவர் பின்னர் என்ன ஆனார்? 1969 இல் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டே, சாதி முதலிய பிரிவுகளைச் சாடும் 'சங்காரம்' என்னும் நாடகத்தைப் படைத்தார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராய் விளங்கினார். 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களை எழுதினார். பல ஆண்டுகள் கழிந்தபின் 'இராவணேசன்' நாடகத்தைத் தம் மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். தாம் பெற்றதைத் தமக்குப் பின் வருவோர்க்குக் கையளித்தல் முதிர்ச்சியின் அடையாளம் அன்றோ?

மேடையேறும் பிள்ளைகள் யாவரும் பேராசிரியராகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. சாதாரண வகுப்பறையில் நாம் கண்ட ஒன்றையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில், தமிழ்மொழித் தினப் போட்டிக்கென ஓர் இசை நாடகம் பழக்கப்பட்டது. வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்தவனுக்கே அரசன் வேடம். வசனம் முழுவதையும் இரண்டு நாளில் மனனம் செய்துவிட்டான். ஆயினும், பாட்டு எடுக்கும் இடத்தில் தாளம் அவனுக்கு அகப்படவில்லை. தாளம் போட்டவனோ அதே வகுப்பில் கணிதத்தில் இருபது புள்ளியைத் தாண்டாதவன். கோயிற் பஜனையில் தாளம் பழகியவன். "நீதான் விரைந்து போடுகிறாய்" என்று அரசன் ஒரு வாரம் வரை அவன்மீது பழி சுமத்தினான். இதனிடையே அரசனின் தந்தையார் வந்து, பரீட்சையைக் காட்டி மகனை விலக்கிக்கொள்ளவும் முயன்றார். விலகிச் செல்ல நல்லதொரு வாயில் திறந்திருந்தது. பையன் அவ்வாயிலால் வெளியேறவில்லை. மறுநாள் இடைவேளையில் தாளக்காரனிடம் சென்று, "எனக்கு ஒரு முறை சொல்லித் தா" என்றான். "முதலில் பாடாதே, என் கையைக் கேள்" என்றான் மற்றவன்.

அந்த நாடகத்துக்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. ஆனால், அடுத்த தவணையில் அவ்விருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து அட்சரகணிதம் செய்ததை நாம் கண்டோம். இம்முறை "முதலில் கூட்டாதே, கணக்கை வாசி" என்று கூறியவன் அரசன். தாளக்காரனும் கூசாமற் கேட்டான். ஒருவனிடம் கேட்டறிதல் இழிவன்று என்பதை இருவரும் முன்னரே பழகியிருந்தனர்.

நாடகத்தால் பிள்ளைக்குச் சபைக்கூச்சம் நீங்கும், உச்சரிப்புத் திருந்தும் என்பர். அவை உண்மையே. எனினும், அவற்றினும் பெரிய பேறு ஒன்று உண்டு. பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்து அமர்ந்து எழுதுகின்றது. அயலவன் தாளைப் பார்த்தல் குற்றம். அங்கு அது முறையே. ஆனால், அலுவலகம், வைத்தியசாலை, இல்லறம் ஆகிய எதுவும் அவ்வாறு நடைபெறுவதில்லை. அங்கெல்லாம் பிறர் குரலுக்குச் செவி கொடுத்துத் தன் குரலை அதனோடு பொருத்த அறிந்தவனே நிலைபெறுகின்றான். அப்பயிற்சியைப் பாடசாலையில் அளிக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இசை நாடகம் தலையாயது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒத்திகைக்கு எத்தனை நாள், எத்தனை மணிவரை என்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்; அளவு மீறினால் தயங்காது கூறுங்கள். ஆனால், ஏற்றுக்கொண்ட பிள்ளையை இடையில் விலக்காதீர்கள். ஒருவன் விலகினால் அவனை நம்பிப் பாடும் பத்துப் பேரின் பாட்டும் அறுந்துபோகும். அந்த அறுதலை உங்கள் பிள்ளையும் ஒரு பாடமாகவே கற்றுக்கொள்ளும்.

மாணவச் செல்வங்களே, அரசன் வேடம் கிடைக்கவில்லையே என்று வாடவேண்டாம். பிற்பாட்டுக்கு அழைத்தாலும் மனமுவந்து செல்லுங்கள். மூச்சு வாங்கி நிற்பவனின் பாட்டை ஏந்திக்கொள்ளும் குரல் களரிக்கு எப்போதும் வேண்டும்.